'இன் ட்ரஸ்ட்': இது யாருடைய நம்பிக்கை?

வானொலியில் பேசியதன் எழுத்து வடிவம் இது. அன்று நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எங்கள் வருமானவரிக் கேள்வி நேரத்தில் வந்த அழைப்புகளில் பாதி ஒரே விடயத்தைப் பற்றியவை. "கணக்குச் செய்யிறவர் கேக்கிறார், ஏதாவது இன் ட்ரஸ்டிலை வைச்சிருக்கிறியளோ எண்டு. என்ன சொல்லிறது?" 2023 டிசம்பர் 30 இற்குப் பிறகு முடிவடையும் வரி ஆண்டுகளுக்கு, 'பெயார் ட்ரஸ்ட்' எனப்படும் வெறும் ட்ரஸ்டுகளும் தனிப் படிவம் நிரப்பவேண்டும் என்று விதி வந்திருந்தது. (நேயர் ஒருவர் இதைப் 'பெயர் ட்ரஸ்ட்' என்றே சொன்னார். பெயருக்கு மட்டும் உரிமை என்று பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை.) ஏப்ரல் 2 கடைசி நாள். மார்ச் 28 அன்று, பலர் காசு கட்டிப் படிவமும் அனுப்பி முடித்தபிறகு, தாங்கள் நேரே கேட்டால் ஒழிய இந்த ஆண்டு அனுப்பத் தேவையில்லை என்று வருமானவரித் திணைக்களம் அறிவித்தது. 2024 ஆம் ஆண்டுக்கும் அதே விலக்கு வந்தது. சனம் பெருமூச்சு விட்டது, கதை அடங்கிவிட்டது.

அந்த அழைப்புகளில் ஒன்று மட்டும் என் மனதில் தங்கிப்போனது. மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே வசிக்கும் ஒரு தாயார். கணவர் காலமாகிவிட்டார். வீட்டு மோட்கேஜைப் புதுப்பிக்கப் போனபோது அவருடைய வருமானம் போதாது என்று வங்கி சொல்ல, மூத்த மகனின் பெயரையும் உறுதியில் போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கணக்காளர் மகனிடம், "உங்கள் பங்கை நீங்கள் அம்மாவுக்காக இன் ட்ரஸ்டில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பி, நான் அவனை நம்பித்தானே பேரைப் போட்டனான். பிறகு அவன் என்னத்தை நம்பிக்கையிலை வைச்சிருக்கிறது? நம்பினது நான் எல்லே?"

நிகழ்ச்சியில் மிச்சம் இருந்ததோ இரண்டு நிமிடம். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஆயினும் அந்த அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது வீட்டுக்குக் காரோட்டி வரும்போதுதான் உறைத்தது.

ஆங்கிலத்தில் 'ட்ரஸ்ட்' என்றால் நம்பிக்கை. 'இன்' என்பது, நம் மொழியில் சொல்லின் வாலில் ஒட்டும் 'இல்' உருபு செய்யும் வேலையை, சொல்லுக்கு முன்னால் நின்று செய்கிற சிறு சொல். இரண்டையும் சேர்த்தால் 'நம்பிக்கையில்'. ஆனால் தமிழில் "நம்பிக்கையில் கொடுத்தேன்" என்றால், அவர் திருப்பித் தருவார் என்று நான் எண்ணினேன் என்றுதான் பொருள். நம்பிக்கை கொடுத்தவரின் நெஞ்சில் இருக்கிறது. வாங்கியவர் மேல் அந்தச் சொல் எதையும் சுமத்துவதில்லை. ஆங்கிலச் சட்டத்தின் 'இன் ட்ரஸ்ட்' இதற்கு நேர்மாறு. அங்கே கொடுத்தவரின் மனநிலையை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பொருளைக் கையில் வைத்திருப்பவரின் மேல் விழுந்த கடமையின் பெயர் அது. பெயர் உன்னுடையது, பயன் இன்னொருவருடையது, அந்தப் பயனை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதன் பொருள். அந்த அம்மா தமிழ் நம்பிக்கையில் கையெழுத்து வைத்தார். கணக்காளர் ஆங்கில ட்ரஸ்டைப் பற்றிக் கேட்டார். இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியதுதான், ஆனால் ஒன்றல்ல.

இந்தச் சொற்றொடர் எப்படிக் கொடுத்தவரின் நெஞ்சிலிருந்து வாங்கியவரின் தோளுக்கு மாறியது என்று பார்க்க வேண்டும். அதற்கு இங்கிலாந்தின் பழங்கதைக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

'ட்ரஸ்ட்' என்ற சொல் கடல் கடந்து வந்த வடநாட்டவரின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அங்கே அதற்கு உதவி, உறுதி, நம்பிக்கை என்ற பொருள்கள். ஆனால் காணி விடயத்தில் முதலில் புழங்கியது இந்தச் சொல் அல்ல. 'டு த யூஸ் ஒவ்' என்பதுதான். அதாவது, இன்னாரின் பயனுக்காக. 1224 இல் இங்கிலாந்துக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் சொத்தே வைத்திருப்பதில்லை என்று விரதம் பூண்டவர்கள். இருக்க ஓர் இடம் வேண்டுமே! ஊரவர்கள் தங்கள் பெயரில் காணியை வைத்துக்கொண்டு, துறவிகளின் பயனுக்கு விட்டார்கள். துறவிகளுக்கு மட்டும் அல்ல, குடும்பத் தலைவர்களுக்கும் இந்த வழி தேவைப்பட்டது. அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில் காணியை மரணசாசனத்தால் எழுதிவைக்க முடியாது. பெரும்பாலும் மூத்த மகனுக்கே போகும். தகப்பன் இறக்கும்போது அவன் சிறுவனாக இருந்தால், அவன் வளரும்வரை காணியின் வருமானம் மேற்பிரபுவின் கைக்குப் போய்விடும். எனவே உயிரோடு இருக்கும்போதே நாலு நண்பர்களின் பெயரில் காணியை எழுதிக் கொடுப்பார்கள். "இது உங்கள் பெயரில் இருக்கட்டும், நான் இருக்கும்வரை பயன் எனக்கு, எனக்குப் பிறகு நான் சொன்னபடி பெண்சாதி பிள்ளைகளுக்கு" என்பது பேச்சு. பிள்ளைகளைக் காப்பாற்றப் பிறர் பெயரில் எழுதிய அந்தப் பழைய ஆங்கிலேயர்களை எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

நண்பன் ஏமாற்றினால்? சாதாரண நீதிமன்றம் உறுதியை மட்டும் பார்க்கும். பெயர் அவனுடையது, காணியும் அவனுடையது, வழக்குத் தள்ளுபடி. அப்போது மக்கள் அரசனின் சான்சலரிடம் போனார்கள். அவர் பெரும்பாலும் ஒரு பேராயர். அவர் உறுதியைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தார். "சட்டப்படி காணி உன்னுடையதுதான். உன் மனச்சாட்சிக்கு என்ன சொல்கிறாய்?" என்பதே அவரிடமிருந்து வரும் கேள்வி. சொன்னபடி செய்யாவிட்டால் மறியல். இப்படி ஒரு மனிதனின் மனச்சாட்சி வழக்குப் பொருளாகி, 15 ஆம் நூற்றாண்டில் சான்சரி நீதிமன்றத்தின் அன்றாட வேலையாகிவிட்டது.

எட்டாம் ஹென்றி அரசனுக்கு இது பிடிக்கவில்லை. எல்லோரும் இப்படி எழுதினால் அரசனுக்கு வரவேண்டிய கட்டணங்கள் வராது. 1536 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தான். யாருக்குப் பயனோ, அவரே சட்டப்படியும் உரிமையாளர். இடையில் நின்றவர் மறைந்துபோவார். அதே ஆண்டு வடக்கு இங்கிலாந்தில் மூண்ட கிளர்ச்சியின் முறைப்பாடுகளில் இந்தச் சட்டமும் ஒன்று. 1540 இல் காணியை மரணசாசனத்தால் எழுத ஓரளவு அனுமதி கொடுக்கவேண்டியதாயிற்று. சட்டத்தரணிகள் சும்மா இருப்பார்களா? அந்தச் சட்டம் முதலாவது பயனைத்தான் விழுங்கும், அதற்கு மேல் இன்னொரு பயனை அடுக்கினால் அதைத் தொடாது என்று கண்டுபிடித்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் சான்சரி அந்த இரண்டாவது அடுக்கை ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் என்று, இரண்டாவதற்கு 'இன் ட்ரஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது. "இன்னாருக்கும் இன்னாரின் பயனுக்கும், இன்ன பிள்ளைகளுக்காக இன் ட்ரஸ்ட்" என்று ஆங்கில உறுதிகளில் ஒரு வாய்பாடே உண்டாயிற்று. பழைய சொல் சட்டத்தால் செத்தது. மிஞ்சி வாழ்ந்தது இந்த இரண்டு சொற்கள்தான்.

அவற்றை அதிகம் பயன்படுத்தியவர்களில் பெண்களைப் பெற்ற தகப்பன்மாரும் அடங்குவர். கலியாணம் செய்த ஆங்கிலப் பெண்ணின் சொத்தை 1882 வரை கணவனின் கையிலிருந்து காப்பாற்ற இந்த இரண்டு சொற்கள்தான் வழி. எங்கள் தேசவழமையில் சீதனம் பெண்ணின் தனிச் சொத்தாகவே நின்றது. அதைச் சொல்லி நாங்கள் பெருமைப்படுவதுண்டு. அதே தேசவழமையில் அந்தக் காணியை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

தமிழில் இந்தக் கருத்துக்குச் சொல்லே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதுவும் நல்ல சொல். 'கையடை'. ஒருவர் கையில் காப்பதற்காக ஒப்படைத்தது. கம்பராமாயணத்தில், தயரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே பெயர். இன்னொரு சொல் 'அடைக்கலம்'. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி அடைக்கலக் காதை. இங்கெல்லாம் பாரம் வாங்கியவரின் மேல் இருக்கிறது. மதுரையில் கண்ணகிக்கு நேர்ந்ததைக் கேட்ட மாதரி தீயில் விழுந்து உயிர் விட்டாள் என்று சிலப்பதிகாரமே பின்னால் சொல்கிறது. அடைக்கலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதையும் கவனியுங்கள். புகலிடம் என்பது ஒன்று, காக்கக் கொடுத்த பொருள் என்பது மற்றது. நாங்கள் முதலாவது பொருளை நன்றாகப் பழகிவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டோம்.

இலங்கையில் ஆங்கிலேயர் இதைச் சட்டமாக்கியது 1917 இல், அவ்வாண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம். தமிழில் அதற்கு 'நம்பிக்கைப் பொறுப்பு' என்று பெயர் வைத்தார்கள். யார் செய்த மொழிபெயர்ப்போ, கெட்டிக்கார வேலை. நம்பிக்கை என்று விட்டால் போதாது என்று 'பொறுப்பு' என்பதையும் ஒட்டிவிட்டார்கள். கோயிலுக்குக் காணி எழுதும் தருமசாதனமும் இந்த வகைதான். தர்மகர்த்தாவின் பெயரில் உறுதி இருந்தாலும் காணி அவருடைய தோட்டம் அல்ல. அந்நாட்டில் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் நம்பிக்கை நிதியம் ஞாபகம் இருக்கும். 1981 முதல் இயங்குவது. அந்த 'நம்பிக்கை'யை நாங்கள் யாரும் 'கிடைக்கும் என்ற நம்பிக்கை' என்று விளங்கிக்கொண்டதில்லை. முதலாளி கட்டிய காசை எங்களுக்காக ஒருவர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆக, கருத்து எங்களுக்குப் புதிதல்ல. குடும்பத்துக்குள் வரும்போதுதான் பொறுப்பை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இந்தச் சொல் கெட்டுப்போன கதை சுவையானது. 1882 இல் ஸ்டாண்டர்ட் ஒயில் குழுமத்தினர் தங்கள் கம்பனிகளின் பங்குகளையெல்லாம் ஒன்பது பேரின் கையில் 'இன் ட்ரஸ்ட்' என்று ஒப்படைத்தார்கள். அந்த ஒன்பது பேர் எண்ணெய் வியாபாரத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள். மற்றத் தொழில்களும் இதைப் பார்த்துப் படித்தன. சில ஆண்டுகளில் 'ட்ரஸ்ட்' என்றால் சனத்தைக் கொள்ளையடிக்கும் கூட்டம் என்று பொருளாகிவிட்டது. 1890 இன் சட்டத்தை இன்றும் 'அன்ரி-ட்ரஸ்ட்' சட்டம் என்கிறார்கள். நம்பிக்கைக்கு எதிரான சட்டம் என்று யாராவது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

கனடாவில் இந்த இரண்டு சொற்கள் பட்ட பாட்டுக்குப் பெரிய சாட்சி வன்கூவரில் இருக்கிறது. மஸ்குவியம் என்ற பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்தில் 162 ஏக்கரை ஒரு கோல்ஃப் கழகத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும்படி 1957 இல் கேட்டார்கள். பழங்குடியினர் நேரே குத்தகைக்கு விடச் சட்டம் இடம் கொடுக்காது. அரசிடம் ஒப்படைத்து, அரசுதான் கொடுக்கவேண்டும். ஒப்படைத்த பத்திரத்தில், குத்தகைக்கு விடுவதற்காக 'இன் ட்ரஸ்ட்' என்ற சொற்களே எழுதப்பட்டிருந்தன. 1958 இல் அதிகாரிகள் எழுதிய குத்தகை, கூட்டத்தில் அந்த மக்களுக்குச் சொன்ன நிபந்தனைகளைவிட மிகவும் மோசமானது. எழுபத்தைந்து ஆண்டுக் குத்தகை. அதன் பிரதி ஒன்று அவர்களின் கைக்குக் கிடைத்தது 1970 இல்தான். பன்னிரண்டு வருடமாகத் தங்கள் காணியின் குத்தகைப் பத்திரத்தைக் கண்ணால் காணாதவர்கள்! வழக்குப் போட்டார்கள். 1984 நவம்பர் 1 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பத்து மில்லியன் டொலர் இழப்பீட்டை உறுதி செய்தது. இது சட்டப் புத்தகத்து ட்ரஸ்ட்தானா என்பதில் நீதியரசர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் இன்னொருவருக்காகக் கையில் வைத்திருப்பவர், அரசே ஆனாலும், தன் விருப்பத்துக்கு நடக்க முடியாது என்பது நிலைத்துவிட்டது. கெரின் வழக்கு என்று இதனைச் சொல்வார்கள்.

அதற்கு முன்னர் அந்தக் கரையிலேயே இன்னொன்றும் நடந்தது. 1942 இல் சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்களைக் கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அவர்களுடைய வீடு, கடை, பண்ணை, மீன்பிடிப் படகு ஆகியன பாதுகாப்புக்காக மட்டும் என்று சொல்லி அரச பாதுகாவலர் ஒருவரின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. 1943 ஜனவரியில், உரிமையாளரைக் கேளாமலே விற்கலாம் என்று ஆணை வந்தது. விற்றார்கள். வந்த காசிலிருந்து, அவர்களைத் தடுத்து வைத்திருந்த காலத்துச் சாப்பாட்டுச் செலவையும் அவர்களே கட்டவேண்டி வந்தது. மன்னிப்பும் உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலரும் கிடைத்தது 1988 இல். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலோ மடியிலோ வைத்துக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு, இந்தக் கதையைப் பற்றி நான் மேலும் சொல்லத் தேவையில்லை.

இனி எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம். இங்கே பலர் இந்தச் சொற்களை முதன்முதலில் கண்டது வீடு வாங்கும்போதாக இருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பாங்க் ட்ராப்ட்டில் அவரது அலுவலகப் பெயருக்குப் பின்னால் 'இன் ட்ரஸ்ட்' என்று எழுதச் சொல்வார்கள். அது அலங்காரம் அல்ல. அந்தக் காசு அவருடைய கணக்கில் இருந்தாலும் அவருடையதல்ல. அவர் நாளைக்கே கடனாளியாகி முறிந்தாலும் அவருடைய கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. பலருடைய காசு ஒன்றாகக் கிடக்கும் இந்தக் கணக்குகளின் வட்டிகூட அவருக்கு இல்லை. அது 1974 இல் அமைக்கப்பட்ட ஒன்ராறியோ சட்ட அறக்கட்டளை எனும் அமைப்புக்குப் போகிறது. அதில் பெரும் பங்கு நீண்டகாலமாகச் சட்ட உதவித் திட்டத்துக்குப் போயிற்று. எங்களில் எத்தனையோ பேரின் அகதி விசாரணைக்குச் சட்டத்தரணி வந்தது அந்தச் சட்ட உதவிப் பத்திரத்தில்தான். முன்பின் தெரியாத யாரோ வீடு வாங்கிய காசின் ஓரிரு நாள் வட்டியில் ஒரு துளியும் அதற்குள் இருந்தது.

அடுத்தது பிள்ளைகளின் பெயரில் வைக்கும் வங்கிக் கணக்கு. "மகளுக்காக இன் ட்ரஸ்ட்" என்று கணக்குத் திறப்பார்கள். பிறகு கார் திருத்தவேண்டும் என்றால் அதிலிருந்து எடுப்பார்கள். படிவத்தில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் ட்ரஸ்ட் உண்டாகிவிடாது. யார் கொடுக்கும் எண்ணத்தோடு வைத்தார், எதை வைத்தார், யாருக்காக வைத்தார் என்ற மூன்றும் தெளிவாக இருக்கவேண்டும் என்று 1840 இலேயே ஓர் ஆங்கில நீதிபதி சொல்லிவிட்டார். உண்மையான ட்ரஸ்டாக இருந்தால், அந்தக் காசு பிள்ளையுடையது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் "எடு என்ரை காசை" என்று கேட்கலாம். நீங்கள் நினைத்த பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குப் பதிலாக அவள் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் தடுக்க வழியில்லை. வரியைப் பொறுத்தமட்டில், நீங்கள் போட்ட காசின் வட்டியும் பங்குலாபமும் பிள்ளை பதினெட்டை அடையும்வரை உங்கள் வருமானத்தோடு சேரும். ஆனால் மாதாமாதம் வரும் பிள்ளை உதவிப் பணத்தை அப்படியே பிள்ளையின் பெயரில் வேறாகச் சேமித்தால், அதன் வட்டி பிள்ளையுடையதாகவே கொள்ளப்படும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இரண்டு கணக்கையும் கலக்கவேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

பெரிய சிக்கல் வீடும், முதியவர்களின் கூட்டுக் கணக்கும். ஒன்ராறியோவில் ஒருவர் இறந்தபின் மரணசாசனத்தை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும்போது முதல் 50,000 டொலருக்கு வரி இல்லை. அதற்குமேல் ஆயிரத்துக்குப் பதினைந்து டொலர். மில்லியன் டொலர் பெறுமதி என்றால் 14,250 டொலர். இதை மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பாவோ அம்மாவோ ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். வங்கிக்குப் போகத் துணை வேண்டும் என்பதற்காகவும் சேர்ப்பதுண்டு. பிறகு அவர் கண்ணை மூடியதும், அந்தப் பிள்ளை "என்ரை பேர் இருக்கு" என்கிறார். மற்றவர்கள் "உன்னை உதவிக்குத்தானே போட்டது" என்கிறார்கள்.

2007 மே 3 அன்று கனடா உச்ச நீதிமன்றம் இப்படியான இரண்டு வழக்குகளுக்கு ஒரே நாளில் தீர்ப்புச் சொன்னது. இரண்டிலும் வயதான தகப்பன், கூட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்ட மகள். நீதிமன்றம் வகுத்த விதி இதுதான். வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் விலை வாங்காமல் ஒரு சொத்தில் பெயர் கொடுத்தால், அது நன்கொடை என்று சட்டம் ஊகிக்காது. பிள்ளை அதைப் பெற்றோருக்காகவே வைத்திருக்கிறார் என்று ஊகிக்கும். நன்கொடைதான் என்றால் அதைப் பிள்ளை நிரூபிக்கவேண்டும். பெக்கோர் வழக்கில், தகப்பன் அந்த மகளுக்கே கொடுக்க நினைத்தார் என்று சாட்சியங்களிலிருந்து நீதிமன்றம் கண்டது. காசு மகளுக்கு. மட்சன் வழக்கில் அப்படிக் காணவில்லை. காசு எல்லோருக்கும் பொதுவான மரணச் சொத்துக்குள் போனது. ஒரே வகைக் கணக்கு, ஒரே விதி, ஆயினும் முடிவு வேறு. இறந்தவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாததால், வங்கிப் படிவத்திலும் வரிப் பத்திரத்திலும் பழைய பேச்சிலும் அவர் மனதைத் தேடினார்கள். இரண்டு குடும்பமும் கனடாவின் ஆக உயர்ந்த நீதிமன்றம்வரை போய்த்தான் அதை அறிந்துகொண்டன. போகும் செலவைப் பற்றி ஒரு கணக்காளனாக நான் வேறு சொல்லவேண்டுமா?

இன்னொன்றையும் இதோடு குழப்பாதீர்கள். ஊரில் காணி பார்க்கக் கொடுக்கும் அற்றோணி வேறு. அற்றோணி கொடுத்தால் அவர் உங்கள் பெயரில் கையெழுத்து வைக்கிறார், சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கிறது. 'இன் ட்ரஸ்ட்' என்றால் சொத்தே அவர் பெயரில் இருக்கிறது. அற்றோணி நீங்கள் இறந்தவுடன் செத்துவிடும். ட்ரஸ்ட் சாகாது. ஊரில் பராமரிப்பு என்று விட்ட காணியில் ஒருவர் பத்து வருடம் தன்னுடையது போல எதிர்த்து இருந்துவிட்டால், 1871 இன் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியுரிமை கேட்க வழி உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் விசேட சட்டம் ஒன்று வந்ததே இந்தப் பத்து வருடக் கணக்கினால்தான். யாரையாவது காணியில் இருக்க விட்டிருந்தால், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதற்கு ஒரு கடிதமாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் திரும்புகிறேன். சில வாரம் கழித்து மகனையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். நான் சட்டத்தரணி அல்லன். எனவே செய்யவேண்டியதைச் சொல்லிச் சட்டத்தரணி ஒருவரிடம் அனுப்பினேன். வீட்டின் பயன் முழுவதும் தாய்க்கே உரியது, மோட்கேஜுக்காக மட்டும் மகனின் பெயர் சேர்க்கப்பட்டது, அவர் தன் பங்கைத் தாய்க்காக இன் ட்ரஸ்டில் வைத்திருக்கிறார், தாய்க்குப் பிறகு அவரது மரணசாசனப்படி மூன்று பிள்ளைகளுக்கும் போகும் என்று இரண்டு பக்கப் பத்திரம். மகனுக்கு இதில் நன்மை இல்லாமல் இல்லை. அவருக்கு வேறு வீடு இருக்கிறது. தாயின் வீடு விற்கும்போது பாதி லாபம் தன்னுடையது என்று வரித் திணைக்களம் நினைத்தால் மூலதன ஆதாய வரி அவர் தலையில் விழும். பத்திரம் இருந்தால் யாருடைய வீடு என்று காட்ட வசதி. அவர் கையெழுத்து வைக்கத் தயாராகவே இருந்தார். "இதை முதலே கேட்டிருந்தால் முதலே வைச்சிருப்பன்" என்றார். உண்மையாகத்தான் இருக்கும். தாய் கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பயந்திருக்கிறார்.

பத்திரத்தைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார், தான் வாசித்துப் பார்க்க. சட்டத்துக்கு ஆங்கிலம்தான், இது அவருக்கு. "அடைக்கலமாக வைத்திருக்கிறார்" என்று எழுதிக் காட்டினேன். நல்ல பழந்தமிழ்ச் சொல் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

"அந்தச் சொல் வேண்டாம் தம்பி" என்றார். "அது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து கேட்டது. இது என்ரை வீடு. பொறுப்பாக எண்டு போடும்."

பொறுப்பாக என்று மாற்றினேன். மூன்று பிள்ளைகளின் பெயரும் வயது ஒழுங்கில் வரவேண்டும் என்றார். இரண்டாமவரின் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தினார். நாலு பிரதி எடுத்தோம், ஆளுக்கு ஒன்று.

வெறும் ட்ரஸ்ட் படிவம் பற்றிய விதிகள் அடிக்கடி மாறிக்கொண்டு வருவதால், அடுத்த வரித் தாக்கலுக்கு முன் உங்கள் கணக்காளரிடம் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். உறுதியில் யார் யார் பெயர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவர்கள், கேட்கப் போகும்போது உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டு போங்கள்.